அண்ணி கொடுக்காமல் வைத்திருந்த கண்ணாடி

என் அண்ணி டிரை கிளீனிங் கடையில் டெலிவரி கவுன்டரில் நிற்கிறாள். நான் அதே கடையில் பின்பக்கம் இஸ்திரி போடுகிறேன். எங்களுக்கு நடுவில் சுவர் கிடையாது, தொங்கும் துணிகள்தான். இரண்டு கோட்டுகளுக்கு நடுவில் ஒரு கை அகலத்துக்கு இடைவெளி எப்போதும் இருக்கும். அதன் வழியாக அண்ணியின் முதுகும், வருகிறவர்களின் முகமும் தெரியும். அவர்களுக்கு நான் தெரிய மாட்டேன். எனக்கு அது வசதி.

துணியை வாங்க வருகிறவர்கள் ரசீதை நீட்டுவார்கள், துணியை வாங்குவார்கள், போய்விடுவார்கள். கதவு சாத்துவதற்குள் அவர்கள் மனதிலிருந்து நாங்கள் போய்விடுவோம். இது அண்ணிக்குப் பிடிக்காது. பிடிக்காது என்று அவள் சொன்னதில்லை. ஆனால் ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசித்து ஓய்வு பெற்ற ஒருவர், சாம்பல் நிறக் கோட் ஒன்றை, அதன் கையில் எண்ணெய்க் கறையோடு கொண்டுவந்து போட்டார். கறை முதல் சலவையிலேயே போய்விட்டது. இஸ்திரி போட்டது நான்தான். அந்தக் கோட் அதன் பிறகும் மாதக்கணக்கில் என் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் அவர் வருவார்.

"கோட் ஆச்சாம்மா?"

"இன்னும் கொஞ்சம் பாக்கணும் சார். தாமதமாகும்."

"இதைத்தான் நானும் வேலைல இருந்த காலம் பூரா சொல்லிட்டு இருந்தேன். யாரும் நம்பினதில்ல."

பிறகு கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, எந்த வண்டி எப்போது எதனால் நின்றது என்று சொல்வார். மாடு குறுக்கே வந்தது, டிரைவருக்கு வயிறு சரியில்லாமல் போனது, ஒரு கல்யாணக் கூட்டம் மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஏறிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. அண்ணி கேட்டுக்கொண்டிருப்பாள். கோட் கையில் கிடைத்துவிட்டால் ஒருவரும் நின்று பேச மாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

அண்ணன் இதற்கு நேர் எதிர். அவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் போனில் வரும் புகார்கள் சிவப்பாக வரும், முடித்தால் பச்சையாகும். சிவப்பைப் பார்த்தால் அவனுக்குச் சோறு இறங்காது. வீட்டில் அரை டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு எழுந்து போனால், திரும்பி வருவதற்குள் அதைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருப்பான்.

அவனுக்கு இருந்த ஒரே பழக்கம் கம்ப்யூட்டரில் ஓர் ஆட்டம். ஊர் ஊராகப் பலர் ஒரே நேரத்தில் உள்ளே வந்து, வாளோடும் கவசத்தோடும் ஒரே உலகத்தில் அலைகிற ஆட்டம். அதில் அண்ணன் பெயர் இடிமுழக்கம். நிஜத்தில் அவன் கதவைக்கூடச் சத்தமில்லாமல்தான் சாத்துவான். அவன் தலைமையில் ஒரு குழு உண்டு. ஒரு பல் டாக்டர், ஒரு பஸ் டிரைவர், இன்னும் சிலர். எல்லாரும் சேர்ந்து பெரிய பெரிய மிருகங்களை அடிப்பார்கள். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. பேச்சு மட்டும் ஸ்பீக்கரில் கேட்கும்.

குழுவில் அடிபட்டவர்களுக்கு மருந்து போடுவதற்கு ஆள் குறைந்தது. அண்ணன் தனக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு, பழைய லேப்டாப்பை அண்ணியிடம் கொடுத்தான்.

"சும்மா என் பின்னாடியே வந்து மருந்து போட்டாப் போதும்."

"வீட்லயும் அதான பண்றேன்" என்றாள் அண்ணி.

அவள் நீராவி என்று பெயர் வைத்துக்கொண்டாள். குழுவினர் அதைச் சுருக்கி ஆவி என்றார்கள். "ஆவி வந்துடுச்சா?" என்று ஸ்பீக்கரில் கேட்டால் அவள் வெங்காயத்தை வைத்துவிட்டு ஓடுவாள்.

அந்த ஆட்டத்தில் வழிநெடுக ஆட்கள் நிற்பார்கள். அவர்கள் விளையாட வந்தவர்கள் இல்லை, ஆட்டத்தோடேயே இருப்பவர்கள். கிட்டே போனால் ஏதாவது வேலை சொல்வார்கள். என் மோதிரம் கிணற்றில் விழுந்துவிட்டது, இந்தக் கடிதத்தை என் மகளிடம் சேர்த்துவிடு என்று. செய்துவிட்டு வந்து சொன்னால் புள்ளி கொடுப்பார்கள். அதற்குப் பெயர் குவெஸ்ட். அவர்கள் பேசி முடிக்கும்வரை யாரும் காத்திருப்பதில்லை. கீபோர்டின் மூலையில் இருக்கும் எஸ்கேப் பட்டனைத் தட்டினால் பேச்சு ஸ்கிப் ஆகி, தாண்டிப் போய்விடும். அண்ணன் அதைத் தட்டும் வேகத்தில் ஆட்கள் வாயைத் திறப்பது மட்டும்தான் தெரியும்.

பழைய லேப்டாப்பில் அந்தப் பட்டன் பிய்ந்து போயிருந்தது. அண்ணன் தட்டித் தட்டியே பிய்ந்ததுதான். அதனால் அண்ணி எல்லாரும் சொன்ன எல்லாவற்றையும் படிக்க வேண்டியிருந்தது. முதல் வாரம் வேறு வழியில்லாமல் படித்தாள். பிறகு மருந்து போடுவதை விட்டுவிட்டுப் படித்தாள். எனக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும் என்பதால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்காக வாய்விட்டே படிப்பாள்.

"குவெஸ்ட்டுக்காக இந்த கேமை ஆடுறது, விளம்பரம் பாக்குறதுக்காக டிவி வாங்குற மாதிரி சிஸ்டர்" என்றார் பல் டாக்டர்.

"ஏன் டாக்டர், உங்ககிட்ட வர்றவங்க என்ன ஆச்சுன்னு சொன்னாக் கேக்க மாட்டீங்களா?"

"வாயைத் திறந்து வெச்சிருப்பாங்க சிஸ்டர். எங்க பேசுறது?"

பஸ் டிரைவர் வயதில் பெரியவர். "நான் ரோட்டைத்தான் பாப்பேன் தங்கச்சி" என்றார். "பின்னாடி யார் ஏன் ஏறினாங்கன்னு கேட்டுட்டு இருந்தா வண்டி போய்ச் சேராது."

"போய்ச் சேந்து என்ன பண்ணுவீங்க?"

டிரைவர் கொஞ்சம் யோசித்தார். "திரும்பி வருவேன்."

அண்ணி சீக்கிரமே ஒன்றைக் கண்டுபிடித்தாள். கேட்ட பொருளைக் கொடுத்து முடித்ததும் அந்த ஆட்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அதன் பிறகு எத்தனை முறை போனாலும் "நன்றி, பயணியே" தான். கடை மாதிரியேதான். அதனால் பிடித்தவர்களின் பொருளைக் கொண்டுவந்து பையிலேயே வைத்துக்கொள்வாள், கொடுக்க மாட்டாள். பிடிக்காதவர்களுக்கு உடனே கொடுத்துவிடுவாள்.

"அந்தச் சுங்கச்சாவடிக்காரனுக்கு ஓநாய்த் தோலைக் குடுத்தாச்சு" என்பாள் என்னிடம். "மூஞ்சியே சரியில்ல. ஒழியட்டும்."

அவளுக்கு எல்லாரையும்விடப் பிடித்தவர் லைட் ஹவுஸில் இருந்த விளக்குக்காரர். கடலோரம் பாறை மேல் தனியாக இருந்தார். அவருடைய விளக்கின் கண்ணாடி உடைந்துவிட்டது. மலையில் இருக்கும் கடையிலிருந்து புதுக் கண்ணாடி கொண்டுவர வேண்டும். அண்ணி வாங்கி வந்துவிட்டாள். படியேறி எதிரில் போய் நின்றதும் அவர் சொன்னார்:

"வந்துவிட்டீர்களா? வழியில் ஒன்றும் ஆகவில்லையே? உட்காருங்கள், மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி கிடைத்ததா?"

கீழே இரண்டு பதில்கள் இருந்தன. 'இதோ' என்று ஒன்று, 'இன்னும் இல்லை' என்று ஒன்று. அண்ணி 'இன்னும் இல்லை'யை அழுத்தினாள்.

"பரவாயில்லை. என் தம்பியும் இப்படித்தான், எதற்கும் தாமதமாகத்தான் வருவான்."

மறுநாள் போனால் வேறு சொன்னார். தம்பி படகை எடுத்துக்கொண்டு போனவன் இன்னும் திரும்பவில்லை என்றார். அதற்கு மறுநாள், போவதற்கு முன் இருவருக்கும் வாய்த்தகராறு என்றார். ஒரு நாளைக்கு ஒரு பேச்சுதான். அதற்கு மேல் கேட்டால் அன்றைக்குச் சொன்னதையே சொல்வார். இவ்வளவு பேச்சு அவரிடம் இருப்பது குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை. கண்ணாடியைப் பையில் வைத்துக்கொண்டு இல்லை என்று பொய் சொன்ன ஆள் அண்ணி ஒருத்திதான் போலிருக்கிறது. டாக்டர் இணையத்தில் தேடிப் பார்த்தார். அங்கே எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுக்கவும். தாமதிக்கத் தேவையில்லை.'

ஒரு நாள் விளக்குக்காரர், "கண்ணாடியைக் காற்று உடைத்துவிட்டது என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். காற்று இல்லை" என்று நிறுத்திக்கொண்டார். அன்று அண்ணி பாத்திரம் கழுவும்போது இரண்டு முறை என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பிதான் உடைச்சிருப்பானோ?"

"தெரியலையே அண்ணி."

"அவன் திரும்பி வருவானா மாட்டானான்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு."

மறுநாள் அண்ணனுக்கும் அண்ணிக்கும் கல்யாண நாள். அண்ணன் லீவு போட்டிருந்தான். நாங்கள் இருவரும் கடைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்தபோது, அவன் வாசலிலேயே நின்றிருந்தான். புகார் பட்டியல் முழுக்கப் பச்சையான நாட்களில்தான் அவன் முகம் அப்படி இருக்கும்.

"உனக்கு ஒண்ணு பண்ணி வெச்சிருக்கேன்."

"என்னது?"

"உன் பேர்ல என் கம்ப்யூட்டர்ல உள்ள போனேன். எவ்வளவு குவெஸ்ட் பாக்கி வெச்சிருக்க! எல்லாத்தையும் முடிச்சுட்டேன். ஒண்ணுகூட நிக்கல. ஸ்கிப் அடிச்சு அடிச்சு விரலே வலிக்குது."

அண்ணி கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"விளக்குக்காரர்?"

"யாரு, பாறை மேல இருக்கிற ஆளா? அவருக்குக் கண்ணாடி உன் பையிலயே இருந்துது. குடுக்க மறந்துட்ட போல."

"ஆமா. மறந்துட்டேன்" என்றாள் அண்ணி.

லேப்டாப்பைத் திறந்து லைட் ஹவுஸ் வரை நடந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்குக்காரர் மேசை அருகில் நின்றிருந்தார். மேசையில் இரண்டு குவளைகள் இருந்தன.

"நன்றி, பயணியே" என்றார் அவர்.

அண்ணி இன்னும் சில முறை அழுத்தினாள். அவரும் சலிக்காமல் அதையே சொன்னார். அவள் மூடியை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். அண்ணன் அவளுக்குப் புடவையும் எடுத்திருந்தான். நன்றாகத்தான் இருந்தது. கட்டிக்கொண்டு காட்டினாள்.

அதன் பிறகு அவள் ஆட்டத்துக்கு வரவில்லை. சண்டை எதுவும் இல்லை. சமைத்தாள், சிரித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அண்ணன் "கோவமா?" என்று கேட்டால், "எதுக்கு?" என்பாள்.

"இந்த 'எதுக்கு' இருக்கே" என்றான் அண்ணன் என்னிடம், "ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்ன மாதிரி. உள்ள ஆள் இருக்கிறது தெரியுது, கதவு திறக்க மாட்டேங்குது. என்னடி ஆச்சு உங்க அண்ணிக்கு?"

நான் சாதாரணமாக எதற்குள்ளும் நுழைவதில்லை. அவன் நின்ற விதத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"அந்த விளக்குக்காரரோட தம்பி திரும்பி வந்தானா இல்லையான்னு அவங்களுக்குத் தெரியணும். அதுக்குள்ள நீ முடிச்சுட்ட."

"கண்ணாடியைக் குடுத்தா முடிஞ்சுதானே?"

"குடுக்காம இருந்தாத்தான் அவர் பேசுவார்."

அண்ணன் கொஞ்ச நேரம் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தான். "அப்படி ஒரு கம்ப்ளெயின்ட்டை நான் பாத்ததே இல்ல" என்றான்.

இரண்டு நாள் கழித்து அவனே அண்ணியிடம் வந்து உட்கார்ந்தான். புதுப் பெயரில் முதலிலிருந்து தொடங்கினால் விளக்குக்காரர் மறுபடியும் கண்ணாடி கேட்பாராம். ஆனால் முதலிலிருந்து என்றால் கந்தல் சட்டையும் ஒரு குச்சியும்தான். லைட் ஹவுஸ் போக மாதக்கணக்காகும். வழியில் ஓநாய், கொள்ளைக்காரன் எல்லாம் உண்டு.

"நான் கூட வரேன்" என்றான்.

"உங்க குழு?"

"அவங்க இருப்பாங்க."

"எல்லாத்தையும் படிப்பேன்."

"படி."

அண்ணி இஸ்திரி என்று பெயர் வைத்தாள். அன்றிலிருந்து சாயங்காலங்களில் கந்தல் சட்டை போட்ட இஸ்திரி முன்னால் போக, முதுகில் நெருப்பு எரியும் கவசத்தோடு இடிமுழக்கம் பின்னால் போனான். வழியில் யாராவது பேசினால் அவள் நின்று படிப்பாள். அவன் அதுவரை ஓநாய் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பான்.

"படிச்சாச்சா?"

"இருங்க."

ஸ்பீக்கரில் பஸ் டிரைவர் கேட்பார்: "தலைவர் இன்னிக்கு வருவாரா?"

"தலைவர் வீட்டம்மாகூடப் போய் யாரோட வாத்தையோ தேடிட்டு இருக்கார்" என்பார் டாக்டர்.

அந்த வாத்துகளில்தான் அண்ணன் மாட்டிக்கொண்டான். சாப்பிடும்போது திடீரென்று, "அந்த வாத்துக்காரி பொய் சொல்றா" என்றான். "காணாமப் போனது ரெண்டுன்னா, நாம மூணு பிடிச்சுக் குடுத்தோமே. வாங்கிக்கிட்டாளே, ஒரு வார்த்தை சொன்னாளா?" அண்ணி குழம்பை ஊற்றிக்கொண்டே, "அது பக்கத்து வீட்டுக்காரியோடது. நாளைக்கு அவகிட்டப் பேசணும்" என்றாள்.

இப்படிப் போய்ச் சேர்ந்தோம். மலைக்கடையில் கண்ணாடி வாங்கிப் பாறையில் ஏறினோம். விளக்கு இருட்டாக இருந்தது. மேசையில் ஒரு குவளைதான் இருந்தது.

"வந்துவிட்டீர்களா? வழியில் ஒன்றும் ஆகவில்லையே?"

"ஆச்சு, ஓநாய் ரெண்டு தடவ கொன்னுச்சு" என்றான் அண்ணன் திரையைப் பார்த்து.

பழையபடி ஒரு நாளைக்கு ஒரு பேச்சு. அண்ணன் வேலையிலிருந்து வந்ததும் கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருவான். மூன்று பேரும் லேப்டாப் முன்னால் இருப்போம். "காற்று இல்லை" வரை வந்தது. அடுத்த நாள் அண்ணி படித்தாள்: "என் தம்பி கோபித்துக்கொண்டு படகில் ஏறியதும், கையில் கிடைத்ததை எடுத்து வீசினேன். அது விளக்கில் பட்டது."

"இவரேதானா?" என்றான் அண்ணன்.

அதற்கு மறுநாள் விளக்குக்காரர், "இன்று நான் மேலே ஏறிப் பார்க்கவில்லை. பார்த்து என்ன? இருட்டுதான்" என்றார்.

அடுத்த நாள் சீக்கிரமே உட்கார்ந்தோம்.

"வந்துவிட்டீர்களா? வழியில் ஒன்றும் ஆகவில்லையே? உட்காருங்கள், மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்."

"இது முதல்ல சொன்னதாச்சே" என்றான் அண்ணன்.

"நாளைக்குப் பாப்போம்."

மறுநாள், தம்பி படகை எடுத்துக்கொண்டு போனவன் இன்னும் திரும்பவில்லை என்றார். அதற்கு மறுநாள் வாய்த்தகராறு. செக்கு மாதிரி மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டார். அண்ணன் எழுந்து நடந்தான்.

"எழுதினவன் பாதில எந்திரிச்சுப் போயிட்டான். கம்பெனிக்கு ஒரு கம்ப்ளெயின்ட் போடுவோம். தம்பி வந்தானா இல்லையான்னு சொல்லாம விட்டா எப்படி?"

அண்ணி கவுன்டரில் கறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோலத் திரையில் விளக்குக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருட்டுதான்னு சொல்லிட்டார்" என்றாள். "அதுக்கு மேல அவர் பாவம், என்ன சொல்லுவார்?"

'இதோ' என்பதை அழுத்தினாள்.

அண்ணன் கை பழக்கத்தில் கீபோர்டின் மூலைக்குப் போனது. அங்கே பட்டன் இல்லை, அது இருந்த குழிதான் இருந்தது. விரலை அதிலேயே வைத்துக்கொண்டு பார்த்தான்.

விளக்குக்காரர் கண்ணாடியை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். மெதுவாகத்தான் ஏறினார். கண்ணாடியைப் பொருத்தி, திரியைக் கொளுத்தினார். வெளிச்சம் கடல் மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. பாறைகளுக்கு அப்பால் ஒரு சின்னப் படகு இருந்தது. கரை எது என்று தெரியாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. வெளிச்சம் பட்டதும் அது திரும்பியது. ஒருவன் நனைந்துபோய்ப் படியேறி வந்தான். விளக்குக்காரர் அவனைப் பார்த்தார்.

"வழியில் ஒன்றும் ஆகவில்லையே?" என்றார்.

மேசையில் இன்னொரு குவளையை வைத்தார். அதன் பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நன்றி, பயணியே" என்றார்.

அண்ணன் அந்தக் குழியிலிருந்து விரலை எடுத்தான். 

"அப்போ நான் குடுத்த அன்னிக்கே இவன் வந்துட்டானா?"

"வந்திருப்பான். நீங்க ஸ்கிப் அடிச்சுட்டீங்க."

"நான் அடிச்சேன், சரி. நீ என்ன பண்ணின? கண்ணாடியைப் பையில வெச்சுக்கிட்டு அவனை நாள்கணக்கா தண்ணியிலயே சுத்த விட்டிருக்க."

அண்ணி திரையில் இருந்த இரண்டு குவளைகளைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

ஸ்பீக்கரில் டாக்டர் இருந்திருக்கிறார். "என்ன தலைவரே, குவெஸ்ட்டுக்காக இந்த கேமை ஆடலாமா, வேணாமா? ஒரு முடிவு சொல்லுங்க."

"ஆடலாம். கீபோர்டு உடைஞ்சிருந்தா" என்றான் அண்ணன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ரயில் நிலையக்காரர் வந்தார்.

"கோட் ஆச்சாம்மா?"

அண்ணி திரும்பி என் பக்கம் வந்து, என் தலைக்கு மேலிருந்து கோட்டை எடுத்துக்கொண்டு போனாள். இடைவெளி பெரிதாகிவிட்டது. நான் ஒரு புடவையை இழுத்து மறைத்துக்கொண்டு பார்த்தேன்.

"ஆச்சு சார். தாமதத்துக்கு வருந்துறோம்."

அவர் அந்த வாக்கியத்தைக் கேட்டு நிமிர்ந்தார். கோட்டின் கையைத் திருப்பித் திருப்பிக் கறையைத் தேடினார். அங்கேயே போட்டுக்கொண்டு, கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்தார். பிறகு பேசாமல் போய்விட்டார். அண்ணி கதவு சாத்தும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பேன்ட்டோடு வந்தார். கோட்டையும் போட்டிருந்தார். பேன்ட்டில் கறை எதுவும் இல்லை. அதை நான் பிறகு நன்றாகவே பார்த்தேன்.

"அவசரம் இல்லம்மா" என்றார்.

"நாளைக்கே ரெடியாயிடும் சார்."

அவர் முகம் கொஞ்சம் இறங்கியது. அண்ணி ரசீது எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்கு ரெடியாயிடும்" என்றாள் மறுபடியும். "நீங்க வெள்ளிக்கிழமை வாங்க. அந்தக் கல்யாணக் கூட்டம் அப்புறம் மாப்பிள்ளையை எப்படி ஏத்துனாங்கன்னு நீங்க சொல்லவே இல்ல."